முப்பத்தொன்பதாம் நம்பர் கஞ்சி

"அப்பா, சம்பளமே குடுக்கலன்னா நீ இன்னா வேலை செய்வ?"

நந்தினி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. "வூட்ல படுத்துத் தூங்குவேன்" என்று சொல்லிவிட்டுப் பஞ்சாட்சரம் சிரித்தார். நான்கு வருடம் கழித்து அதே கேள்வியை அவருடைய ஷூ கம்பெனி ஒரு படிவத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்தது. இந்த முறை சிரிப்பு வரவில்லை.

'சமூக சேவை: எங்கே? எத்தனை நாள்? பொறுப்பாளர் கையெழுத்து.'

சூப்பர்வைசர் வேலைக்கான படிவம் அது. மற்ற எல்லாக் கட்டங்களையும் நிரப்பியாகிவிட்டது. இது ஒன்றுதான் காலி.

"வெளிநாட்டுல நம்ம ஷூ வாங்குறவங்க கேக்குறாங்களாம். ஊருக்கு நல்லது செய்யறவனா பாத்து மேல ஏத்தணுமாம்" என்றார் மனைவியிடம்.

"நீங்க இன்னா நல்லது செஞ்சீங்க?" என்றாள் செண்பகம்.

"அதைத்தான் யோசிக்கிறேன்."

"காலையிலேருந்து யோசிக்கிறீங்க. அவ்ளோ கம்மியாவா இருக்குது?"

பஞ்சாட்சரம் கெட்டவர் இல்லை. பதினான்கு வருடமாக ஜோடி சேர்க்கும் பிரிவில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர். இடது ஷூவையும் வலது ஷூவையும் கையில் எடுத்து, தோலின் நிறம், சுருக்கம், அளவு எல்லாம் பார்த்து ஜோடியாக்குவார். தினமும் எண்ணூறு ஜோடி. இடது காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகச் சுருண்டு கிடந்தது. "இனிமே நின்னு வேலை செஞ்சா காலு தாங்காது" என்று வேலூரில் டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பிரிவில் நாற்காலி இருப்பது ஒரே ஒருவருக்குத்தான். அது சூப்பர்வைசர்.

ஆக, பஞ்சாட்சரத்துக்கு வேண்டியது ஒரு நாற்காலி. நாற்காலிக்கு வேண்டியது ஒரு கையெழுத்து.

"தெருமுனைப் பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி ஊத்துறாங்களே, அங்க போங்க. பாஷா பாய் ஒண்டியா கஷ்டப்படறாரு" என்று வழி காட்டினாள் செண்பகம்.

நோன்பு மாதத்தில் கம்பெனி மூன்று மணிக்கே விட்டுவிடும். அன்றே போய் நின்றார்.

சர்தார் பாஷாவுக்கு அறுபது வயதிருக்கும். நரைத்த தாடி, கரியேறிய லுங்கி, கையில் ஆள் உயரக் கரண்டி. பதினெட்டு வருடமாக ஒரு பைசா வாங்காமல் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிற மனிதர் என்று தெருவே சொல்லும். அவரைப் பார்த்ததும் பஞ்சாட்சரத்துக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"பாய், பத்து நாள் சேவை செய்யறேன். கடைசியில ஒரு லெட்டர்ல கையெழுத்து மட்டும் வேணும்."

பாஷாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. கஞ்சியை ஒரு தடவை கிண்டினார்.

"லெட்டரா? பாக்கலாம் தம்பி. நாளைக்குப் பாக்கலாம். இப்ப நான் அஸர் தொழுதுட்டு வர்றேன். அதுவரைக்கும் பாத்திரத்தையெல்லாம் பாத்துக்க."

சுவரோரமாக எழுபது எண்பது பாத்திரங்கள் நின்றன. தூக்கு, எவர்சில்வர் டப்பா, மூடி இல்லாத குக்கர், ஒரு பால் கேன். ஆட்கள் யாரும் இல்லை. பெரிதுக்குப் பக்கத்தில் சிறிது, சிறிதுக்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிது என்று தாறுமாறாக நின்றதைப் பார்த்ததும் பஞ்சாட்சரத்தின் கை துறுதுறுத்தது.

இருபது நிமிடத்தில் வேலையை முடித்தார். சின்னதிலிருந்து பெரியது வரை அளவுவாரியாக அடுக்கினார். ஒரே மாதிரித் தூக்குகளைத் தேடிப் பிடித்து ஜோடி ஜோடியாக நிறுத்தினார். ஊற்றுவதற்கு வசதியாக மூடிகளை எல்லாம் கழற்றித் தனி வரிசையாக்கினார். தள்ளி நின்று பார்த்தார். கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

முதலில் வந்தவர் அன்வரி பேகம். தனியாக வாழ்கிற, வாய் நீளமான கிழவி.

"என் தூக்கு எங்கே? ரெண்டு மணியிலேருந்து முதல் ஆளா நிக்குதே!"

"உங்களுது நடுத்தர அளவும்மா. நாப்பத்திரண்டாவது."

"அளவா? நான் கஞ்சி வாங்க வந்தேனா, ஜாக்கெட் தைக்க வந்தேனா?"

அதற்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். அந்த ஊரில் பாத்திரம்தான் ஆள். எந்தப் பாத்திரம் முதலில் வந்ததோ அதற்குத்தான் முதல் கஞ்சி. வீட்டு வேலை, வியாபாரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மனிதர்கள் பிறகு வரலாம். இது பள்ளிகொண்டாவிலிருந்து புதிதாக வந்து குடியேறிய பஞ்சாட்சரத்துக்குத் தெரியவில்லை.

"பால் கேன் கடைசின்னு யாருப்பா சொன்னது?"

"ஐயோ, இது என் மூடி இல்ல!"

பாஷா தொழுதுவிட்டு வந்து பார்த்தார். திட்டவில்லை. "அழகாத்தான் இருக்குது தம்பி" என்று மட்டும் சொன்னார். யார் எப்போது வந்தார்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டு ஊற்றி முடிப்பதற்குள் நோன்பு திறக்கும் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் பஞ்சாட்சரம் தயாராக வந்தார். கம்பெனியில் கேட்டு வாங்கிய ஒட்டுத்தாள் சுருள் பையில் இருந்தது. பாத்திரம் வர வர நம்பர் ஒட்டினார். வரிசை கலைந்தாலும் நம்பர் கலையாதே!

ஆனால் அவை ஷூ அளவுக்கான ஒட்டுத்தாள்கள். முப்பத்தைந்தில் தொடங்கி நாற்பத்தைந்தில் முடிந்து, மறுபடியும் முப்பத்தைந்து வரும். இதை அவர் கூப்பிடத் தொடங்கிய பிறகுதான் கவனித்தார்.

"முப்பத்தொன்பது வாங்க!"

ஏழு பேர் வந்தார்கள்.

"நான்தான் முப்பத்தொன்பது" என்றாள் பூக்கட்டும் வள்ளியம்மாள். அவளும் வருடம் தவறாமல் கஞ்சி வாங்குகிறவள்.

"நானும்தான் முப்பத்தொன்பது" என்றார் அன்வரி பேகம்.

"உங்க வயசு எழுபதுக்கு மேல இருக்குமே பாட்டி!"

"வாயை மூடு வள்ளி! இந்த ஆளு வந்ததிலேருந்து ஒரே பேஜாரு."

ஒட்டுத்தாளின் பசை வேறு லேசில் போகவில்லை. மறுநாள் கஞ்சி வாங்க வந்த பாதிப் பாத்திரங்கள் கறுத்த வட்டத்தோடு வந்தன.

"பாய், லெட்டரு..." என்று இழுத்தார் பஞ்சாட்சரம்.

"நாளைக்குப் பாக்கலாம் தம்பி" என்று வேறு பக்கம் பார்த்தார் பாஷா.

பஞ்சாட்சரம் முத்தவல்லியிடமே போனார். பள்ளிவாசல் நிர்வாகம் அவர் கையில்தான் இருந்தது. "கஞ்சி விஷயமெல்லாம் பாஷாவோட பொறுப்பு. அவரு கையெழுத்து போட்டா நான் சீல் வைக்கிறேன்" என்றார் அவர். ஆக, மறுபடியும் பாஷாவேதான். கலாட்டா இல்லாமல் ஒரு நாளாவது நடத்திக் காட்டினால்தான் மனிதர் இறங்குவார் என்று பஞ்சாட்சரம் முடிவு செய்தார்.

"நாளையிலேருந்து பாத்திரத்தை வரிசையில வெக்க வேணாம். ஆளுங்களே வரிசையில நில்லுங்க. யாரும் யாரையும் ஏமாத்த முடியாது" என்று அறிவித்தார்.

நின்றார்கள். வெயிலில், நோன்போடு, எண்பது பேர். தெருவில் ஆட்டோ போக வழியில்லை. ஒரு பெரியவருக்குத் தலை சுற்றியது. "அடுப்புல பருப்பு வெச்சிட்டு வந்தேன்" என்று வள்ளியம்மாள் நிமிடத்துக்கு ஒரு தடவை சொன்னாள். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். செருப்பைக் கழற்றி, தான் நின்ற இடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அருமையான யோசனையாகப் பட்டது எல்லாருக்கும். ஐந்து நிமிடத்தில் தெருவில் ஆட்களே இல்லை. பள்ளிவாசல் படியிலிருந்து தெருமுனை வரை எண்பது ஜோடி செருப்பு வரிசையாக நின்றது. பஞ்சாட்சரத்துக்குக் கண்ணில் நீர் வராத குறை. அவருக்குத் தெரிந்த உலகம் அது.

அப்போது அஸர் தொழுகை முடிந்து உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்தார்கள்.

படியருகே விட்ட செருப்பு எது, வரிசையில் நிற்கும் செருப்பு எது? கால் நுழைந்ததை மாட்டிக்கொண்டார்கள் சிலர். தேடியவர்கள் காலால் தள்ளினார்கள். சத்தம் கேட்டு வீட்டுக்குப் போனவர்களும் ஓடி வந்தபோது, வள்ளியம்மாளின் இடத்தில் யாருடைய பூட்ஸோ நின்றது.

"என் செருப்பை எவனோ போட்டுக்கிட்டான்!"

"என் வரிசை எங்கேய்யா?"

"நில்லுங்க!" என்று ஒரு குரல் கேட்டது. பஞ்சாட்சரம்தான். "யாரும் அசையாதீங்க. போட்டிருக்கிறதையும் கழட்டுங்க."

அப்படிப்பட்ட குரலில் அவர் வாழ்க்கையில் பேசியதில்லை. எல்லாரும் கழற்றினார்கள். அவர் குனிந்தார். இடது, வலது, வார், தேய்மானம், தையல், எதிரே நிற்கிறவரின் கால். கை ஓடியது. கால் மணி நேரத்தில் நூற்றுச் சொச்சம் ஜோடியும் உரியவர்களின் முன்னால் இருந்தன. ஒரு செருப்புகூட மாறவில்லை. தெருவே வாயைத் திறந்து பார்த்தது.

ஆனால் அந்த அவசரத்தில் கஞ்சி முன்பின்னாகப் போயிற்று. கஞ்சி காய்ச்சும் தேக்சா காலியானபோது ஒரே ஒரு தூக்கு மட்டும் வெறுமையாக நின்றது. அன்வரி பேகத்தின் தூக்கு.

வாய்க்கு வாய் பேசுகிற கிழவி அன்று சண்டைக்கு வரவில்லை. "தண்ணி குடிச்சி நோன்பு தொறந்துக்கறேன்" என்று காலித் தூக்கோடு போனார். அவர் திட்டியிருந்தால் பஞ்சாட்சரம் அன்றிரவு தூங்கியிருப்பார்.

அடுத்த நாளிலிருந்து எந்தத் திட்டமும் போடவில்லை. பாத்திரங்கள் வந்தபடியே நின்றன. அவர் தண்ணீர் சுமந்தார், தேக்சா கழுவினார், முதியவர்களின் தூக்கை வீடு வரை கொண்டுபோய்க் கொடுத்தார். "பாய், லெட்டரு?" என்று மட்டும் தினமும் கேட்டார். "நாளைக்கு" என்று மட்டும் தினமும் பதில் வந்தது.

பத்தாம் நாள் கம்பெனியில் நேர்முகம். மேனேஜர் நயீம் அகமது படிவத்தைப் புரட்டினார்.

"கையெழுத்து எங்கே?"

"நாளைக்கு நாளைக்குன்னு சொல்றாரு சார்."

"பத்து நாளா இன்னா செஞ்ச?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. அளவுவாரியாக அடுக்கியது, முப்பத்தொன்பது, செருப்பு, ஒரு கிழவியைப் பட்டினி போட்டது எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த அதிகாரி அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நயீம் அகமது சிரிக்கவில்லை.

"செருப்பு கலந்த அன்னிக்கு நானும் அங்க தொழுதுட்டு வெளிய வந்தேன். என் செருப்புல ஒண்ணுல வார் மாத்தியிருந்துது. பாத்தா வேற வேற செருப்பு மாதிரி இருக்கும். ஜோடின்னு எப்படிக் கண்டுபுடிச்ச?"

"ரெண்டுலயும் குதிகால் வெளிப்பக்கமா தேஞ்சிருந்துது சார். ஒரே ஆளு நடை."

மேனேஜர் பேனாவை எடுத்தார். "கண்ணு உனக்கு முன்னாடியே இருந்துது. ஜனங்க முன்னாடி வாயத் தொறப்பேன்னு இப்பதான் தெரிஞ்சுது. அவ்ளோ கலாட்டாவுக்கப்புறம் மறுநாளும் அங்க போய் நின்ன பாரு, அதுதான் எனக்கு வேணும். அந்தக் கட்டம் காலியா இருந்தா இருந்துட்டுப் போவட்டும்."

அந்த நிமிடமே நாற்காலி கிடைத்தது. உட்கார்ந்து பார்த்தார். இடது கால் நன்றி சொன்னது.

மறுநாள் பள்ளிவாசலுக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் மூன்று மணிக்குக் கால் அந்தப் பக்கம்தான் நடந்தது.

எல்லாரும் உள்ளே தொழுதுகொண்டிருந்தார்கள். தெருவில் ஆள் இல்லை. பாத்திரங்கள் மட்டும் சுவரோரமாகக் காத்திருந்தன. பஞ்சாட்சரம் தேக்சா மூடியை நகர்த்தி, அன்வரி பேகத்தின் தூக்கில் அவர் பங்கை ஊற்றினார். பிறகு, வேலை செய்கிறவருக்கென்று தினமும் கிடைக்கும் தன் பங்கையும் அதிலேயே ஊற்றினார். விளிம்பு வரை நிறைந்தது. வழிந்ததைத் துண்டால் துடைத்து, அவருடைய மூடிதானா என்று பார்த்து இறுக மூடினார். ஆண்டவனைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் பாஷா வெளியே வந்தார். இவரைக் கண்டதும் வழக்கம்போல வேறு பக்கம் திரும்பினார்.

"பாய், லெட்டர் வேணாம். வேலை கெடச்சிடுச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்!" பாஷா படியில் உட்கார்ந்தேவிட்டார். "பத்து நாளா உன் மூஞ்சைப் பாக்க முடியல தம்பி."

"ஒரு கையெழுத்துதானே பாய், போட்டிருக்கலாமே?"

"நான் பொறுப்பாளர் இல்லியேப்பா. முத்தவல்லி சும்மா அப்படி நெனச்சிட்டிருக்காரு."

"பின்ன யாருதான் பொறுப்பாளரு?"

பாஷா கரண்டியைக் கையில் எடுத்தார்.

"'நாளைக்குக் கையெழுத்து போட்டுத் தர்றேன், இப்ப இதைப் புடி'ன்னு கரண்டியைக் குடுத்துட்டு பெங்களூர் போனாரு ஒருத்தரு, பதினெட்டு ரம்ஜான் ஆச்சு... நானும் ஒரு லெட்டருக்குத்தான் வந்தேன் தம்பி."