பத்தியமும் ஒரு போத்தல் வெள்ளை வைனும்

வருகிற சனிக்கிழமை நண்டுக் கறியோடு ஒரு கிளாஸ் வைன் குடித்தே தீருவது என்று குலசிங்கம் முடிவெடுத்தார்.

பிரஷர் கூடிவிட்டது என்று டொக்டர் சொன்ன அன்றே, அவருடைய விஸ்கி அஜின்கோர்ட் வீட்டின் சிங்க் வழியாகப் போய்விட்டது. ஊற்றியவர் மனைவி சந்திரவதனா. அதன் பிறகு குலசிங்கம் மோரைக் குடித்துக்கொண்டுதான் நண்டு தின்கிறார். அந்தக் கொடுமை எதிரிக்கும் வரக்கூடாது.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. கூட வேலை செய்யும் இத்தாலிக்காரரின் குடும்பத்துக்கு நயாகராப் பக்கம் மலைச்சரிவில் ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. பூச்சிமருந்து இல்லை, செயற்கை உரம் இல்லை. வீட்டு ஆட்களே களை பிடுங்கி, பழம் ஆய்ந்து செய்த வெள்ளை வைனில் ஒரு போத்தல் கொடுத்தார். குலசிங்கம் அதைப் பச்சைக் குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“உதென்ன?”

“மருந்து.”

“மருந்துப் போத்தலுக்கு ஏன் தக்கை?”

“இஞ்சேரும், உதில ஒரு கெமிக்கலும் இல்லை. மலைக்காத்தும் வெயிலும் குடிச்ச பழம். நெஞ்சுக்கு நல்லதாம்.”

“இயற்கை மருந்தோ?”

“சுத்த இயற்கை! எங்கட நாட்டு வைத்தியம் மாதிரி.”

சந்திரவதனா போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அப்பச் சரி. குடியுங்கோ.”

இவ்வளவு சுலபமா! குலசிங்கத்துக்குக் கால் நிலத்தில் படவில்லை.

சனிக்கிழமை வந்தது. முருங்கையிலை போட்ட நண்டுக் கறி அடுப்பால் இறங்கியது. வாசம் மாடிப்படி ஏறிப் பிள்ளைகளின் அறை வரைக்கும் போனது. குலசிங்கம் கிளாசைத் துடைத்து வைத்துக்கொண்டு மேசையில் காத்திருந்தார். வந்தது ஒரு கோப்பை பாற்கஞ்சி. பக்கத்தில் ஒரு தேக்கரண்டி.

“நண்டு எங்க?”

“மருந்து குடிக்கிற ஆளுக்கு நண்டோ? நாட்டு வைத்தியமெண்டால் பத்தியம் வேணும். நண்டு, மீன், புளி, தூள் ஒண்டும் ஆகாது. மருந்து நாளுக்கு ஒரு கரண்டி. போத்தல் முடியுமட்டும்.”

குலசிங்கம் கரண்டியைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். கோடை போய்ப் பனி கொட்டினாலும் இது முடியாது.

நல்லவேளை, டெலிபோன் அடித்தது. சந்திரவதனா எழுந்து போனார். குலசிங்கத்தின் மூளை வேலை செய்தது. மருந்து முடிந்தால்தானே பத்தியம் முடியும்? கிளாஸ் கிளாசாக ஊற்றினார். பச்சை அப்பிள் வாசம், நாக்கின் நுனியில் மெல்லிய புளிப்பு. அருமையான வைன். ரசிக்கத்தான் நேரமில்லை. தண்ணீர் விடாய்த்த மாடுபோலக் குடித்தார்.

மனைவி திரும்பி வந்தபோது போத்தலைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார்.

“பாரும்! மருந்து முடிஞ்சுது. பத்தியமும் முடிஞ்சுது. நண்டைக் கொண்டு வாரும்!”

சந்திரவதனா கோபிக்கவில்லை. கணவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கஞ்சிக்குள் இன்னும் கொஞ்சம் பால் விட்டார்.

“முடிஞ்சுதோ? நல்லது. இனி மறுபத்தியம்.”

“அதென்ன?”

“எத்தினை நாள் மருந்தோ, முடிஞ்ச பிறகும் அத்தினை நாள் பத்தியம் காக்க வேணும். நாட்டு வைத்தியம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“நான் ஒரே நாளில குடிச்சு முடிச்சனான், வதனா!”

“ஓம். கரண்டிக் கணக்கில அஞ்சு மாசத்து மருந்து.”

குலசிங்கம் மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மேசையோ மெல்லச் சுற்றியது.

“எழும்ப ஏலுமெண்டால், பிள்ளையளைச் சாப்பிடக் கூப்பிடுங்கோ. நண்டு ஆறுது.”