ட்ரையரும் என் மூக்கும்

ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடவுள் எனக்கு மூக்கைக் கொடுத்தது மூக்குத்தி போடுவதற்கு மட்டும்தான். அது தெரியாமல், இருபத்தொரு வயதில், மணக்க மணக்க டவல் மடித்து வைக்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, எங்கள் ரப்பர் தோட்டத்தின் பழைய துரை பங்களாவை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார்கள். உடுப்புக் கழுவும் அறை என் பொறுப்பு. ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவோம் என்று மனேஜர் மேடம் கறாராகச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகாத முதல் பெண் நான்தான். அப்பா அதை எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். (கேட்காதவர்களை நிறுத்தி வைத்தும் சொன்னார்.)

மூன்றாவது வாரம் மேடம் ஒரு டவலோடு வந்தார்.

"நங்கி, மொகக்த மே கந்த?"

தங்கச்சி, இது என்ன நாற்றம் என்று சிங்களத்தில் கேட்கிறார். மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. திருப்பி மோந்தேன். டவல், டவல் மாதிரிதான் இருந்தது. மேடமோ துணி காயவைக்கும் ட்ரையரின் கதவைத் திறந்த வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்.

"சனிக்கிழமை பதினாலு பேர் வாராங்க. அதுக்குள்ள இது போகணும். இல்லாட்டி நீ போகணும்." மேடத்துக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். கோபம் வந்தால் நன்றாகவே வரும்.

எனக்குத் தெரியாத நாற்றத்தை நான் எப்படிப் போக்குவது? பஞ்சு சேரும் வலையைக் கழற்றித் துடைத்தேன். உள்ளே தேசிக்காயை வெட்டிச் சாறு பிழிந்து தேய்த்தேன். துணியை வினாகிரியில் நனைத்து ஓடவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு தலையை உள்ளே விட்டு மூச்சை இழுப்பேன். போய்விட்டதா, இருக்கிறதா, எப்போதாவது இருந்ததா, ஒன்றும் புரியாது. மேடம் வந்து மோந்துவிட்டு, "முந்தி நாத்தம் மட்டும். இப்ப நாத்தமும் தேசிக்காயும்" என்றார்.

சமையலறைப் பாக்கியம் அக்காவைக் கூட்டி வந்து காட்டினேன். அவரும் எங்கள் லயம்தான்.

"ஒண்ணுமில்லையே புள்ள. மேடத்துக்குத்தான் மூக்குல ஏதோ கோளாறு."

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி வேலையைக் காப்பாற்ற முடியுமா? பயத்தில் ராத்தூக்கம் போனது.

சனிக்கிழமை பதினாலு பேரும் வந்து விறாந்தையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குச் சாம்பிராணி போடுகிறோம், ட்ரையருக்கு ஏன் போடக்கூடாது? அடுப்பிலிருந்து தணலை ஒரு தகரத்தில் எடுத்து, சாம்பிராணியைத் தாராளமாகத் தூவி, உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். (என் புத்திசாலித்தனத்தை நினைத்து ஒரு நிமிடம் பெருமைகூடப் பட்டேன்.)

ட்ரையரின் குழாய் சுவருக்கு வெளியே எங்கே போய் முடிகிறது என்று நான் பார்த்ததே இல்லை. அது விறாந்தைக்குக் கீழே முடிந்தது. முதலில் வெள்ளைப் புகை போனது. பிறகு என்ன காரணமோ, கன்னங்கரேலென்று புகை போனது. பதினாலு பேரும் தட்டோடு புல்வெளிக்கு ஓடினார்கள்.

புகையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மலையில் பால் சேர்த்துக்கொண்டிருந்த அப்பா வாளியோடு ஓடி வந்தார். வாளியில் இருந்ததோ ரப்பர் பால். ஊற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். அதற்குள் பாக்கியம் அக்கா தண்ணீரை ஊற்றித் தணலை அணைத்துவிட்டார்.

மேடம் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "நீங்களே தலைய விட்டுப் பாருங்க, என்ன நாத்தம்னு!"

அப்பா தலையை விட்டார். வெளியே எடுத்தபோது முகத்தில் குழப்பம்.

"நல்லாத்தானே இருக்குங்க. எங்க வீட்டு வாசம் மாதிரியே இருக்கு."

பிறகு கையை விட்டு, உட்சுவரில் ஒட்டியிருந்த எதையோ பிய்த்து எடுத்தார். பாதி கருகிய, இழுத்தால் நீளும் உருண்டை. "அட, இது நம்ம ஒட்டுப்பாலுல்ல! நல்ல பால், இப்பிடிப் பொசுக்கிட்டீங்களே!"

மரத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிய பால்தான் ஒட்டுப்பால். வெளியூர்க்காரர்கள் அது இருக்கும் சாக்குப் பக்கமே வரமாட்டார்கள். நாங்களோ அந்த வாடையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தினமும் பின்னேர மழையில் அப்பாவின் சட்டை நனைந்துவிடும். மாற்றுச் சட்டை ஒன்றுதான். யாருக்கும் தெரியாமல் காலையில் கொண்டு வந்து ட்ரையரில் போட்டுக் காயவைத்தவள் நான். சட்டைப் பையில் அவர் என்ன பொறுக்கி வைத்திருக்கிறார் என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

அழுதுகொண்டே மேடத்திடம் சொன்னேன். சட்டையைக் காயவைத்ததற்காக எனக்கு வெட்கமில்லை. அப்பாவை எல்லோர் முன்னும் இப்படி நிற்க வைத்துவிட்டேனே என்றுதான் இருந்தது. அவரோ ஒட்டுப்பாலைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தேங்காய் எண்ணெய் போட்டுச் சுரண்டி, கதவை மூன்று நாள் திறந்து வைத்த பிறகுதான் ட்ரையர் தேறியது. எனக்கு இன்னொரு மாதம் தவணை கிடைத்து, வேலையும் நிரந்தரமானது. ஒரே நிபந்தனை, மோந்து பார்க்கும் வேலை மட்டும் எனக்கு இல்லை.

இரண்டு வருடம் கழித்து, ருவன்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ரப்பர் மரமே இல்லாத எம்பிலிப்பிட்டியவிலிருந்து வந்திருந்த என் அத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தார். ஜன்னலுக்கு வெளியே அப்பாவின் ஒட்டுப்பால் சாக்கு.

"தம்பி, மன்னிச்சுக்கங்க. வீட்ல ஒரே வாடையா இருக்கு" என்றார் அத்தை.

மாப்பிள்ளை நாலு பக்கமும் திரும்பி நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"வாடையா? எங்கங்க?"

அப்பா எழுந்து உள்ளே வந்து என் காதில் சொன்னார்: "சாதகம் பாக்கத் தேவையில்ல புள்ள. மூக்குப் பொருத்தம் அமைஞ்சிருச்சு."