பூர்வீகம் பதிவாகிறது, சத்தம் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய குணாளன் மச்சானுக்கு,

கூலாயிலிருந்து திருச்செல்வம் வணக்கத்துடன் எழுதுவது. தங்காக்கில் நீங்களும் உங்கள் துணிக்கடையும் நலமாக இருக்க முருகன் துணை. உங்கள் தங்கை செல்வராணி நலம். போனில் பேசினால் மகள் பிரவீனா அதையும் பதிவு செய்துவிடுவாள், அதனால்தான் கடிதம்.

சிங்கப்பூரில் நல்ல வேலையில் இருந்த என் மகள் அதை விட்டுவிட்டு, "குடும்பப் பூர்வீகத்த மியூசிக்கா செய்யப் போறேன்பா" என்று பூனைக்குட்டி போல ரோமம் வைத்த மைக்குடன் வந்து இறங்கினாள். வீணையா, வயலினா என்று கேட்டேன். இரண்டுமில்லையாம், வீட்டுச் சத்தம்தானாம். குக்கர் விசில், அம்மா தேங்காய் துருவுவது, நான் தொண்டையைச் செருமுவது எல்லாம் இசை. கிறீச்சிட்ட வாசல் கேட்டுக்கு நான் எண்ணெய் விட்டதற்கு, "அலமாக், நம்ம வரலாற்றையே அழிச்சிட்டீங்களே!" என்று அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அதோடு விட்டாளா? பண்டார் தெங்காரா பக்கம் என் அப்பா பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். இப்போது அங்கே எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. "சும்மா நில்லுங்கப்பா, மண்ணு பேசும்" என்றாள். கொசுதான் பேசியது. பிறகு காவலாளி பேசினார். என்ன தேடுகிறீர்கள் என்று அவர் மலாயில் கேட்க, இவள் "ஆக்கார், பாங்" என்றாள். 'வேர், அண்ணே' என்கிறாள், நம் வேரைத் தேடுகிறாளாம்! கன்றுகளை வேரோடு பெயர்க்க வந்த கும்பல் என்று எங்களைக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டார். நான் கெஞ்சியதையும் பதிவு செய்திருக்கிறாள், மச்சான்.

போன சனிக்கிழமை ஜொகூர் பாருவில் அரங்கேற்றம். எல்லோரும் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் செல்வராணியிடம் "உப்பு எங்க?" என்று கத்தியது, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இழுத்து இழுத்து ஒலித்தது. கடைசியில் தோட்டம் வந்தது. "தாத்தா குடியிருந்த நம்ம லயத்து வீடு எங்கப்பா இருந்துச்சு?" என்று பிரவீனா கேட்கிறாள். வெறும் காற்று. அப்புறம் நான் மூக்கை உறிஞ்சுகிறேன். செல்வராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது சளி, மச்சான்.

முடிந்ததும் ஒரு தாடிக்காரர் வந்தார். "அங்கிள், அந்த 'உப்பு எங்க'ங்கறது கடல் கடந்து வந்தவங்களோட ஏக்கம்தானே?"

"இல்ல லா தம்பி, கொழம்புல உப்பு இல்ல" என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

மச்சான், தாய்மாமன் சொன்னால் கேட்பாள். நீங்கள்தான் அதட்டி அவளைத் திரும்ப வேலைக்கு அனுப்ப வேண்டும். உங்கள் வீட்டில் அக்காவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சத்தமில்லாமல் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
திருச்செல்வம்

பி.கு.: அதட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் உங்கள் கடைக்கு வருகிறோம். துணி கிழியும் சத்தம் வேண்டுமாம், மைக் பிடிப்பது நான். கடையில் ரேடியோவை அணைத்து வையுங்கள். பருத்தித் துணியாகவே எடுத்து வையுங்கள், மச்சான். பாலியெஸ்டர் கிழியும்போது அதில் உணர்ச்சியே இல்லை.