மோதிரம் சுற்றிய உப்பு

அன்புவழிபுரத்தில் கோயிலுக்குப் போகிறவர்கள், சேர்ச்சுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். சமய ஒற்றுமைக் கூட்டம் அல்ல. உப்பு வைத்தியர் டிலான் உப்பு மந்திரித்துக்கொண்டிருந்தார்.

சோடியம் குறைந்த மாற்று உப்பு பிரஷருக்கு உதவும் என்று கிளினிக்கில் சொல்லத் தொடங்கிய மாதம்தான் டிலானுக்கு ஞானம் பிறந்தது. நூலில் மோதிரத்தைக் கட்டி உப்பின் மேல் தொங்கவிடுவார். நேராக ஆடினால் நஞ்சு. வட்டமாகச் சுற்றினால் நஞ்சு இறங்கிய உப்பு, பிரஷரையும் இறக்குமாம். அவர் விற்ற உப்புக்கு அது வட்டமாகவே சுற்றியது. கடை உப்புக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

கருவாடு போடுகிற மாகிரட்டின் கணவன் பெயர் பற்றிக். அவன் பிரஷருக்கு விழுங்குகிற குளிசையை நிறுத்திவிட்டான். இந்த உப்பு பிரஷரை இறக்குமென்றால், கூடுதலாகப் போட்டால் கூடுதலாக இறங்கும்தானே? சோற்றுக்கு ஒரு பிடி, சொதிக்கு ஒரு பிடி. போன கிழமை வலை இழுக்கும்போது தலை சுற்றி வள்ளத்துக்குள்ளேயே விழுந்தான்.

"நஞ்சு இறங்கேக்க அப்பிடித்தான் இருக்குமாம்" என்றான்.

வள்ளத்துக்குள் விழுந்ததால் தப்பினான் என்று மாகிரட் நினைத்தாள். கடலுக்குள் விழுந்திருந்தால்?

அடுத்த நாள் பற்றிக்கையும் இழுத்துக்கொண்டு, இரண்டு கோப்பைகளில் உப்போடு டிலானின் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, ஒண்டு உங்கட உப்பு. மற்றது கருவாட்டு உப்பு. எது எதெண்டு தெரியேல்லை."

டிலான் கண்ணை மூடி, திறந்து, மோதிரத்தைத் தொங்கவிட்டார். முதல் கோப்பையில் வட்டம். இரண்டாவதில் நேர்.

"இது நஞ்சு! உடன கொட்டுங்கோ!"

மாகிரட் கணவனைப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, நீங்களே சொல்லுங்கோ."

பற்றிக்கின் முகம் கறுத்துப்போயிருந்தது. "ரெண்டும் ஒரே பக்கெற். இஞ்ச வாங்கினதுதான். நான்தான் பிரிச்சுக் கொட்டினனான்."

வரிசையில் நின்றவர்கள் கோப்பைகளை எட்டிப் பார்த்தார்கள்.

"ஒரு கோப்பைக்குக் கண்ணூறு பட்டிருக்கும்" என்றார் டிலான்.

"அப்ப உங்கட கண்ணைக் கட்டிவிடுறன். நான் கோப்பையை மாத்தி வைக்கிறன். திரும்பப் பாருங்கோ" என்றாள் மாகிரட்.

மோதிரம் சட்டைப் பைக்குள் போனது. வைத்தியருக்குத் திடீரென்று வேறு ஊரில் அவசர வேலை வந்தது.

பற்றிக் நேரே கிளினிக்குக்கு நடந்தான். உப்பைக் குறைக்க வேண்டும், சிறுநீரகத்தைச் சோதித்த பிறகுதான் மாற்று உப்பைப் பற்றிப் பேசலாம், குளிசையை மட்டும் நிறுத்தக்கூடாது என்று டொக்டர் முதலிலேயே சொன்னது இப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

பெட்டி கட்டிக்கொண்டிருந்த டிலானிடம், வரிசையில் நின்ற இராசமலர் மெல்லக் கேட்டாள்.

"ஐயா, எனக்குச் சலரோகம், ரத்தத்தில சீனி கூட. சாப்பிடுற சீனி ஏதும் மந்திரிப்பியளோ?"

மாகிரட் திரும்பிப் பார்த்தாள்.

"டொக்டர் உப்பைத்தானே குறைக்கச் சொன்னவர்? மூளையையுமா?"