சிற்பி சதாசிவத்தோட சபதம்

இந்தத் தீபாவளிக்கு முறுக்கு அச்சைத் தொடவே மாட்டேன்னு சதாசிவம் சபதம் போட்டுட்டாரு. வருசா வருசம் மாவு பிழிஞ்சு பிழிஞ்சு தோள்பட்டை கழண்டு போச்சு. இனிமே அவரு சிற்பி. ஈப்போ டவுன்ல சனிக்கிழமை கிளாசு. சுட்ட மண்ணுல புது மாதிரி சிற்பம். மூக்கு இருக்காது, முழி இருக்காது. ஓட்டை மட்டும் இருக்கும்.

முதல் சிற்பத்தைப் பொண்டாட்டி துளசி சுத்திச் சுத்திப் பார்த்தா.

"என்னங்க இது? எலி கடிச்ச பூசணிக்காயா?"

"இதுக்குப் பேரு காலம். மண்ணு அழியாதுலா! சுட்டு வச்சா பத்தாயிரம் வருசம் நிக்கும். உன் முறுக்கு பத்து நாள் நிக்குமா?"

"நிக்கட்டும். பத்தாயிரம் வருசம் இதைத் தூசி தட்டப்போறது யாரு?"

சதாசிவம் அசரலை. "இந்தக் கை இனிமே மண்ணுக்குத்தான். மாவுக்கு இல்ல. சொல்லிட்டேன்."

"சரிங்க"ன்னா துளசி. அவ இவ்வளவு சுளுவா சரின்னு சொன்னா, பின்னால ஏதோ இருக்குன்னு அர்த்தம். ஆனா கலைஞன் பயப்படலாமா?

அடுத்த சிற்பம் கண்காட்சிக்குப் போவணும். மண்ணைத் திரி திரியா உருட்டி, ஒண்ணு மேல ஒண்ணா சுத்தி அடுக்கணும். அவரு உருட்டினா ஒரு பக்கம் மலைப்பாம்பு, மறுபக்கம் மண்புழு. காயறதுக்குள்ள விரிசல்.

"திரி ஒரே கனமா வரணும்னு டீச்சர் சொல்றாங்க. வரமாட்டேங்குதே!"

"அச்சுல போட்டுப் பிழிய வேண்டியதுதானே?"

சதாசிவம் துள்ளி எழுந்தாரு. "அடியே! கிளாசுல யாருக்குமே தோணலையே! கொண்டா அச்சை!"

"இருங்க. எடுத்த எடுப்புல மண்ணைப் போட்டா கோணிக்கும். அழுத்தம் ஒரே சீரா வரணும். முதல்ல மாவுல பழகுங்க."

நியாயம்தானே! வேர்த்து ஊத்த ஊத்தப் பிழிஞ்சாரு.

"இது எப்படி?"

"நடுவுல மெலிசு. இன்னொண்ணு."

"இது?"

"பரவால்ல. முடிவுல நடுங்குது. இன்னொண்ணு."

பிழிஞ்சதையெல்லாம் துளசி எண்ணெயில போட்டுக்கிட்டே இருந்தா. "மாவு வீணாகக் கூடாதுல்ல?"

மாவுச் சட்டி காலியாச்சு. கடைசிச் சுத்து கோடு போட்ட மாதிரி வந்துச்சு. "கை வந்துடுச்சுடி! மண்ணை எடு!"

அந்நேரம் பக்கத்து வீட்டுப் புனிதா எட்டிப் பார்த்தா. முறுக்கை அடுக்கி வச்ச டின்னுங்களைப் பார்த்தா. "அலாமாக்! இந்த வருசமும் அண்ணே பிழிஞ்ச முறுக்குதானா?"

சதாசிவம் டின்னைப் பார்த்தாரு. அச்சைப் பார்த்தாரு. பொண்டாட்டியைப் பார்த்தாரு.

துளசி வெல்லப்பாகைக் கிண்டிக்கிட்டே சொன்னா: "கையைக் கழுவிட்டு வாங்க. நாளைக்கு அதிரசம். சிற்பத்துக்கு அடித்தட்டு தட்டப் பழக வேணாமா?"