றஸீன் நானாவின் பாதி சரியான விளக்கம்

விளக்கக்காரர் என்ற இனத்தை நீங்கள் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். அடுத்தவர் செய்யும் வேலையை அவருக்கே விளக்கிச் சொல்லாவிட்டால் இவர்களுக்குச் சாப்பாடு செமிக்காது. கற்பிட்டிப் பக்கம் இந்த இனத்தின் முதல் ஆள் எங்களுக்கு அண்ணன் முறையான றஸீன் நானா. இறால் குஞ்சு பொரிப்பிக்கும் நிலையமொன்றில் மேற்பார்வையாளர்.

என் தங்கை சிபானா கொழும்பில் ஆராய்ச்சி செய்கிறாள். மனிதக் கலங்களை, அதாவது செல்களை, கிண்ணத்தில் வளர்த்து, அவற்றுக்குள் தைரொயிட் ஓமோனைப் பிடித்து வைக்கும் ஒரு புரதத்தின் மரபணுவை வெட்டிச் செயலிழக்கச் செய்கிறாள். அந்தப் புரதம் இல்லாவிட்டால் கலம் என்ன பாடுபடும் என்று பார்ப்பதுதான் வேலை. இதை நான் அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் பிழையில்லாமல் சொல்லப் பழகினேன். றஸீன் நானாவுக்கு அது ஒரு தடவை காதில் விழுந்ததே போதும், கேட்கவேயில்லை. கேட்பானேன்?

நோன்புப் பெருநாளுக்கு அவள் வந்திருந்தாள். பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் கைக்கு வருமுன்னரே நானா தொடங்கிவிட்டார். தாய் இறாலின் ஒரு கண் காம்பை நறுக்கினால் அது சீக்கிரம் முட்டையிடும் என்றும், முட்டையைத் தடுக்கும் ஓமோன் அந்தக் காம்பில்தான் இருக்கிறதென்றும், அதையே தங்கச்சி மனிதருக்குச் செய்கிறாள் என்றும், ஊருக்கெல்லாம் சொன்னதை இப்போது அவளுக்கே சொன்னார். அவளும் பொறுமையாகத் தலையாட்டினாள். உவமை பாதி சரி. இந்த இனத்தின் ஆபத்தே அந்தப் பாதியில்தான் இருக்கிறது. முழுப் பிழையை யார் நம்பப் போகிறார்கள்?

பாதியை நம்பியவர் பக்கத்து வீட்டு அலீமா மாமி. பல வருடமாகத் தைரொயிட் மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, குடிப்பவர். அன்று கண் இமை வீங்கி, குரல் கரகரத்து, அந்த வெயிலிலும் போர்த்திக்கொண்டு வந்தார். நோன்புக் களைப்பு என்று நினைத்தோம். அவரோ சிபானாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மகளே, உங்களுக்கு நோன்பு முழுக்க துஆ கேட்டேன். ஓமோனப் பிடிச்சு வைக்கிற கள்ளன நீங்க வெட்டிட்டீங்களாம், இனிக் குளிசை தேவையில்லயாம். றஸீன் சொன்னார். ஒரு மாசமா நான் குடிக்கல்ல.”

சிபானா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“மாமி, நான் வெட்டினது கிண்ணத்துல இருக்கிற கலத்துல. உங்கட உடம்புல ஒண்டையும் வெட்டல்ல. நாளைக்கே டொக்டர்ட்ட போங்க.”

எல்லோரும் நானாவைப் பார்த்தோம். நீங்களும் நானும் என்றால் திணறியிருப்போம். இந்த இனம் திணறாது.

“அதத்தானே மாமி நானும் சொன்னேன். கிண்ணத்துல எண்டு.”

குறை சொல்லக்கூடாது. மறுநாள் மாமியைத் தன் ஆட்டோவில் கிளினிக்குக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். அங்கே தைரொயிட் என்றால் என்னவென்று டொக்டருக்கு விளக்கியவரும் அவர்தான். டொக்டரும் பாவம், கேட்டுவிட்டுக் குளிசையை எழுதிக் கொடுத்தாராம். மாமிக்கு இப்போது குரல் திரும்பிவிட்டது. அதைக்கொண்டு முதலில் நானாவைத்தான் ஏசினார்.

சரி, இதை வாசித்துவிட்டீர்கள். குளிசை குடிக்கும் யாரோ ஒருவரின் முகம் உங்கள் மனதில் வந்திருக்கும். அவரிடம் போய் அந்தப் புரதத்தைப் பற்றி எடுத்துவிட இப்போதே நாக்கு அரிக்கிறதா? தாராளமாகச் சொல்லுங்கள். அவர் இன்றைய குளிசையை விழுங்கும்வரை மட்டும் பொறுங்கள்.