சிங்கம் மீன் தின்னாது

டிங்.

கறுப்புத் துணித் திரை போட்ட அறையில் கண்ணைத் திறந்தாலும் இருட்டு, மூடினாலும் இருட்டு. அந்த இருட்டுக்குள் எங்கிருந்தோ வந்தது அந்தச் சத்தம். எவர்சில்வர் தட்டில் யாரோ நகத்தால் தட்டியது மாதிரி. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். டிங்.

"என்ன சத்தம் அது?" என்றேன், படுத்தபடியே.

"குழாய் சொட்டுதுங்க. தூங்குங்க." மூடிய சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரியின் குரல் வந்தது.

எழுந்துபோய்க் குளியலறைக் குழாயை இறுக்கினேன். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. தொட்டியின் அடி காய்ந்து கிடந்தது. திரும்பி வந்து படுத்தேன்.

டிங்.

நான் பேக்கரியில் ராத்திரி அடுப்புக்காரன். ஊர் தூங்கும்போது மாவு பிசைந்து, ஊர் விழிக்கும்போது ரொட்டியைச் சூடாகக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவன். தூக்கமும் என்னோடு தெருமுனைவரை வரும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். வருஷக்கணக்காக இப்படித்தான். வெளிச்சத்துக்குப் பயந்து திரை போட்டேன். சத்தத்துக்குப் பயந்து காதில் பஞ்சு வைத்தேன். மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்தபடி சாயங்காலம் வரை உயிரோடு இருந்தேன். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

என்னைப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு கைகழுவிவிட்டது. அதற்கப்புறம் நான் படித்ததெல்லாம் ரொட்டி சுற்ற வரும் பழைய தாள்களில்தான். அப்படி ஒருநாள் சிங்கத்தைப் பற்றி அரைக் கட்டுரை கிடைத்தது. மீதி அரை யாரோ வாங்கிப்போன பன்னோடு போய்விட்டது. கிடைத்த அரையே போதுமானதாக இருந்தது. சிங்கம் பகலெல்லாம் தூங்குகிறது. சிங்கம் கறியைத் தவிர எதையும் தொடுவதில்லை. இரண்டையும் கூட்டிப் பார்க்க ஆறாம் வகுப்பு தேவையா என்ன?

"இன்னையிலேர்ந்து எனக்குக் கறி மட்டும்தான்" என்று அறிவித்தேன்.

"சோறு?"

"கிடையாது."

"ரொட்டி?"

"சிங்கம் ரொட்டி தின்னுமா?"

"சிங்கம் ரொட்டி சுடவும் சுடாதுங்க" என்றாள் அவள்.

முதல் மாதம் தூக்கம் வரவில்லை. வேறென்னென்னவோ வந்தது. மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் யாரோ கோழியை விரட்டினார்கள். பாதிப் படியில் நின்று, மூச்சு வந்து சேரும்வரை சுவரைப் பார்ப்பேன். டாக்டர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, என்னை வெளியே உட்காரச் சொல்லி அவளைக் கூப்பிட்டுப் பேசினார். பிடிவாதத்தை விடமாட்டார் என்றால், கறிக்குப் பதிலாக மீனைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் படியில் உட்காருவார், எழுந்திருக்கமாட்டார் என்றாராம். அதை அவள் வீட்டுக்கு வந்து, பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"மீன் கறியில சேராது" என்றேன்.

"பின்ன என்ன, கீரையா?"

"சிங்கம் மீன் தின்னாது."

"அதுக்கு நீந்தத் தெரியாது. உங்களுக்கு வாங்கித்தர நான் இருக்கேன்."

உண்மைக் காரணத்தைச் சொல்லவேண்டியதாயிற்று. மீனின் கண் எனக்கு ஆகாது. உயிரோடு இருக்கும்போதும் மூடுவதில்லை, செத்த பிறகும் மூடுவதில்லை. தட்டில் கிடந்தபடி பார்க்கிறது. செத்தும் தூங்காத ஒன்றைத் தின்றுவிட்டு நான் எப்படித் தூங்குவது?

"எனக்குத் தனியா இருந்து பழக்கமில்லைங்க" என்றாள். அதோடு மீன் பேச்சை எடுக்கவே இல்லை. கல்யாணமானதிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் வெற்றி. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து கறித்துண்டுகள் நின்றன. அரைத்து உருட்டிப் பொரித்த கறி உருண்டைகள் வந்தன. பல்லுக்கு நல்லது என்றாள். உள்ளே வெள்ளையாக இருக்கிறதே என்று கேட்டேன். ஆட்டுக்குட்டி இளசாக இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்றாள். வாசனை பிடித்துப் பார்க்கலாமென்றால், அடுப்புப் புகையில் வெந்த என் மூக்கு முகத்தில் ஒரு மேடு, அவ்வளவுதான். நான் படுத்ததும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். புகை என் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாதாம்.

தூங்கினேன். கட்டுரை பொய்யில்லை. படுத்தால் கிணற்றில் விழுந்த கல் மாதிரி போனேன். மீசைகூட அடர்ந்தது. பிடரிமயிர் முதலில் உதட்டின் மேல்தான் முளைக்கும்போலிருக்கிறது என்று நினைத்து, எண்ணெய் போட்டு முறுக்கி, தண்ணீர் படாமல் காத்துவந்தேன்.

பிறகுதான் பூனைகள் வந்தன.

முதலில் ஒன்று. சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்தது. பேக்கரி வாசலில் விடியற்காலையில் உட்கார்ந்திருந்தது. நான் நடந்தேன், பின்னால் வந்தது. நின்றேன், நின்றது. கையிலிருந்த ரொட்டித் துண்டைப் போட்டுப் பார்த்தேன். அதைத் தாண்டி வந்து, தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தது. மறுநாள் மூன்று. அந்த வாரக் கடைசியில் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஆளில்லாத தெருவில் நான் நடக்க, ஒரு பாதச் சத்தமும் இல்லாமல் அவை நடக்கும்.

அப்புறம் மத்தியானத் தூக்கத்திலும் வந்தன. ஜன்னல் கண்ணாடியில் சரக், சரக் என்று ஏதோ பிராண்டியது. திரையை விலக்கினேன். விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. ஒன்றுகூடக் கண் சிமிட்டவில்லை. எல்லாம் என் முகத்தையே பார்த்தன.

கீழ்வீட்டுத் தையல்காரர் ஊர் விஷயமெல்லாம் தெரிந்தவர். அவரிடம் கேட்டேன். மிஷினை மிதிப்பதை நிறுத்தினார்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. எங்க பெரியப்பா போறதுக்கு முன்னாடி இப்படித்தான் பூனையெல்லாம் வந்து உக்காந்துச்சு."

"எவ்வளவு நாள் முன்னாடி?"

அவர் நூலைப் பல்லால் கடித்தார். "ரொம்ப நாள்னு சொல்ல முடியாதுண்ணே." சற்று யோசித்துவிட்டு, "தைக்கக் குடுத்த சட்டையை இந்த வாரமே வாங்கிக்குங்க" என்றார்.

மாடி ஏறி வந்து எல்லாவற்றையும் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அதுங்களுக்கு நமக்குத் தெரியாததெல்லாம் தெரியுங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த டிங் சத்தம் என் காதில் விழுந்தது. அதற்கு முன்பெல்லாம் நான்தான் கல்லாகக் கிடந்தேனே. குழாயை இறுக்கிவிட்டு வந்து படுத்தவனுக்கு, இருட்டில் அது வேறு மாதிரி கேட்டது. யாரோ என் மிச்ச நாட்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போடுகிற மாதிரி. டிங். ஒன்று குறைந்தது. ஜன்னலில் சரக், சரக். டிங். இன்னொன்று.

போர்வையோடு எழுந்துபோய்ச் சமையலறைக் கதவின் முன்னால் நின்றேன்.

"இந்தா, நான் சிங்கத்தை விட்டுடறேன்" என்றேன் கதவிடம்.

உள்ளே சத்தம் நின்றது.

"டாக்டர் சொன்னபடியே குடு. சோறு குடு, கீரை குடு."

"மீனு?" என்றது கதவு.

ஜன்னலில் மறுபடியும் பிராண்டல்.

"கண்ணை எடுத்துட்டுக் குடு. திங்கறேன்."

கதவு திறந்தது. பட்டப்பகலிலும் மேஜைமேல் விளக்கு தாழத் தொங்கி எரிந்தது. அதன் கீழே ஒரு தட்டில் வெள்ளை வெளேரென்று சதை. பக்கத்துத் தட்டில் மயிரிழை மயிரிழையாக முட்கள். அவள் கையில் புருவம் பிடுங்கும் இடுக்கி. அதை எவர்சில்வர் தட்டின் விளிம்பில் தட்டி, நுனியில் இருந்த முள்ளை உதறினாள். டிங்.

"என்ன இது?"

"உங்க ஆட்டுக்குட்டி."

கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். "எப்பலேர்ந்து?"

"தூங்க ஆரம்பிச்சீங்களே, அப்பலேர்ந்து. இப்பல்லாம் பாதிப் படியில நிக்கறீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். நிற்கவில்லை. கோழியும் போன இடம் தெரியவில்லை.

"ஆனா அந்தக் கண்ணு..."

"தலையை மீன்கடையிலயே வெட்டச் சொல்லிடுவேன். மூடாத கண்ணு ஒண்ணுகூட இந்த வீட்டுக்குள்ள வரலீங்க. உங்களைத் தவிர."

ஒரு முள் தப்பியிருந்தாலும் குட்டு வெளிப்பட்டிருக்கும். அதற்காகத் தினமும், நான் சுகமாகக் குறட்டை விடும்போதெல்லாம், இந்த விளக்கடியில் குனிந்து உட்கார்ந்து பிடுங்கியிருக்கிறாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. எனக்கு என்னவோ செய்தது. அதைக் காட்டிக்கொண்டால் சிங்கத்துக்கு என்ன மரியாதை? கையில் மிச்சமிருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன்.

"சரி. அப்ப அந்தப் பூனைங்க? மீனோட குடித்தனம் நடத்துறவ நீ. உன் பின்னாடி ஒண்ணாவது வந்துச்சா? என் பின்னாடிதானே ஊர்ப் பூனையெல்லாம் வருது. என் முகத்தையேதானே பாக்குது. அப்ப என்கிட்ட ஏதோ ஒண்ணு இருக்கத்தானே செய்யுது?"

அவள் இடுக்கியைத் துடைத்துக்கொண்டே என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிடுறேங்க. நீங்கதான் மீசையைக் கழுவறதே இல்ல."

அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு வேலையில்லை. போய்ப் படுத்துக்கொண்டேன். அவள் விளக்கை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

டிங்.